செப்புத்தகட்டில் புரி மாறிய சங்கு

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை இல்லை. பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்களையும் எல்லாப் பக்கமும் நிலமே சூழ்ந்திருக்கின்றது. நமுனுகுலை மலையடிவாரத்திலும், பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளைத் தோட்டங்களிலும் பிறந்து வளர்ந்து, கடலைக் கண்ணாற் காணாமலே முதுமையெய்தியவர் பலர். எனினும் கடலிற் பிறந்த பொருளொன்று இம்மலைநாட்டு வாழ்வில் இடையறாது ஒலித்து வருகின்றது. தோட்டத்து மாரியம்மன் கோயிலிற் பூசைவேளையில் ஒலிப்பதும் அது. கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார் கூட்டத்தில் முழங்குவதும் அது. இறுதி ஊர்வலத்திற் பறையொலியோடு சேர்ந்து மனத்தை உருக்குவதும் அதுவே. அதுதான் சங்கு.

சங்கைக் கையிலெடுக்கும் தமிழர் முதலில் நோக்குவது அதன் பருமனையன்று, வெண்மையையுமன்று. அதன் புரியையே நோக்குவர். இடம்புரியா, வலம்புரியா என்பதே முதல் வினா. இவ்வொரு வினாவை மனத்திற் கொண்டு, ஐரோப்பியக் கலைஞர் 17ஆம் நூற்றாண்டிற் செப்புத்தகட்டிற் செதுக்கி அச்சிட்ட கடற்சிப்பிப் படங்களை நோக்கினால் வியப்பான ஓர் உண்மை புலனாகும். அப்படங்களுட் பலவற்றில் சிப்பிகள் இயற்கைக்கு மாறாகப் புரிந்திருக்கின்றன. ஓவிய உலகம் தலைவணங்கும் பெருங்கலைஞரின் படமும் இதற்கு விலக்கன்று. இது எவ்வாறு நிகழ்ந்தது, ஏன் நீண்டகாலம் திருத்தப்படாதிருந்தது, இதனால் அறியத்தக்கது யாது என்பவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கின் புரி

சங்கு என்பது நத்தையினத்தைச் சேர்ந்த கடல்வாழ் உயிரொன்றின் ஓடு. அவ்வுயிர் வளர வளர ஓடும் ஒரு நடுத்தண்டைச் சுற்றிச் சுருள்சுருளாக வளர்கின்றது. சுருள் தொடங்கும் முனை குறுகியது. ஊதுசங்கு செய்வோர் துளையிடுவது அம்முனையிலேயே. அம்முனையை மேலாகவும், சங்கின் வாய் தம்மை நோக்கியும் இருக்குமாறு பிடித்துப் பார்த்தால், பெரும்பாலான சங்குகளின் வாய் பார்ப்பவரின் வலப்பக்கத்தில் அமைந்திருக்கும். உலகிலுள்ள நத்தை, சிப்பி வகைகளுள் மிகப் பெரும்பான்மையானவை இவ்வமைப்பினையே உடையன. மேனாட்டு உயிரியலார் இதனை வலச்சுழி என்பர்.

தமிழர் மரபு இதற்கு மாறாகப் பெயரிடுகின்றது. எங்கும் கிடைக்கும் சாதாரண சங்கே இடம்புரி. ஆயிரக்கணக்கிலும் அரிதாக அகப்படும் மாற்றுச் சங்கே வலம்புரி. ஆகவே உயிரியலார் இடச்சுழி என்பதும் இந்துக்கள் வலம்புரி என்பதும் ஒரே சங்கினையே குறிக்கின்றன. இம்முரண்பாடு இரு சாராரும் சங்கைப் பிடிக்கும் முறையிலிருந்து எழுந்ததாகும். உயிரியலார் சுருள்முனையை மேலாகப் பிடிப்பர். மரபோ நீண்டு ஒடுங்கிய மறுமுனையை மேலாகக் கொண்டு நோக்குகின்றது. அவ்வாறு தலைகீழாகத் திருப்பிய சாதாரண சங்கின் வாய் இடப்பக்கத்திற் காணப்படும்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். சங்கை எவ்வாறு திருப்பினும் வாய் தோன்றும் பக்கம் மாறுமேயன்றி, அதன் உண்மையான புரி மாறாது. இடம்புரியை மேல்கீழாக்கியோ, முன்பின்னாக்கியோ வலம்புரியாக்க இயலாது. வலக்கையை எப்படித் திருப்பினும் அது இடக்கையாகாதவாறு போன்றது இது. ஆனால் அச்சங்கைக் கண்ணாடியின் முன் வைத்தால், கண்ணாடிக்குள் தோன்றுவது மாற்றுப் புரியுடைய சங்காகும். கைகளாற் செய்யவியலாததைக் கண்ணாடி ஒரு நொடியிற் செய்துவிடுகின்றது. செப்புத்தகட்டு அச்சும் அத்தகைய ஒரு கண்ணாடியே.

புரிவேற்றுமைக்குத் தமிழ்மரபு அளித்த மதிப்பு மிகப் பழையது. திருமாலின் கையில் ஆழியோடு வலம்புரி விளங்குதலை முல்லைப்பாட்டுக் கூறும். திருப்பாவையில் ஆண்டாள் மழைமுகிலின் முழக்கத்துக்கு உவமை கூறுவதும் வலம்புரியையே. ஆயிரம் இப்பி சூழ இடம்புரியும், ஆயிரம் இடம்புரி சூழ வலம்புரியும், ஆயிரம் வலம்புரி சூழச் சலஞ்சலமும், ஆயிரம் சலஞ்சலம் சூழப் பாஞ்சசன்னியமும் விளங்கும் என்பது வழிவழி வந்த கூற்று. இதனை இயற்கை நூற் கணக்காகக் கொள்ளல் வேண்டா. எனினும், கடற்பொருளைப் புரியினாற் பிரித்து வரிசைப்படுத்தும் ஒரு நோக்கு இம்மரபில் வேரூன்றியிருந்தமைக்கு அது சான்றாகும்.

சிப்பி தேடிய செல்வர்

இனி ஐரோப்பாவை நோக்குவோமாயின், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்து நாட்டுத் துறைமுகங்களுக்குக் கீழைக்கடல்களிலிருந்து வந்த கப்பல்கள் மிளகு, கறுவா, சாதிக்காய் என்பவற்றோடு சிப்பிகளையும் கொண்டுவந்தன. அந்நாட்டுச் செல்வர் அவற்றைப் பேழைகளிலும் தனி அறைகளிலும் சேர்த்துவைத்து மகிழ்ந்தனர். பூவும் மீனும் பறவையும் இறந்தபின் நிறம் கெடும், அழுகும். சிப்பியோ நிறமும் வடிவும் குன்றாது நெடுங்காலம் நிலைக்கும். கலையின் நுட்பமும் இயற்கையின் விந்தையும் ஒருங்கே அமைந்த பொருளாக அதனை அவர் போற்றினர்.

இம்மோகம் எல்லோராலும் போற்றப்படவில்லை. உறூமர் விச்சர் என்னும் ஒல்லாந்தப் புலவர் 1614ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் உருவக நூலிற் சிப்பிகள் பரந்து கிடக்கும் படமொன்றை அமைத்து, மூடர் தம் பணத்தைச் செலவிடும் வகையை எள்ளி நகையாடினார். அச்சுப்படமாகிய அந்த ஏளனமும் சிப்பிமோகம் எவ்வளவு பரவியிருந்தது என்பதைக் காட்டுகின்றது. சிப்பியை விலைக்கு வாங்க இயலாதவரும் அதன் படத்தை வாங்கலாம். ஒரு தகட்டிலிருந்து பல படிகள் எடுக்கலாமாதலின், ஒருவரின் பேழைக்குள் ஒளிந்திருந்த பொருள் பலர் கண்ணுக்கும் எட்டியது. சிப்பிகள் அச்சுக்கலையின் பொருளானமைக்கு இதுவும் ஒரு காரணம்.

அச்சு புரட்டும் வகை

அக்காலத்திற் படம் அச்சிடும் முறைகள் பல. மரப்பலகையில் வேண்டாத பகுதியைச் செதுக்கி நீக்கி, எஞ்சிய மேட்டில் மை தடவி அச்சிடுவது மரச்செதுக்கு. செப்புத்தகட்டைக் கூரிய உளியாற் கீறிப் பள்ளமாக்கி, அப்பள்ளத்தில் மை நிரப்பி அச்சிடுவது செப்புச்செதுக்கு. மூன்றாவது முறையில், தகட்டின்மேல் மெழுகுப் பூச்சிட்டு, ஊசியினால் அப்பூச்சில் மட்டும் வரைந்து, பின்னர்த் தகட்டை அமிலத்தில் இடுவர். பூச்சு நீங்கிய கோடுகளை அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். தகட்டின் மேற்பரப்பிலுள்ள மையைத் துடைத்துவிட்டு, ஈரமாக்கிய தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்த, பள்ளத்திலுள்ள மை தாளில் ஏறும்.

இம்முறைகள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. தகட்டில் இடப்பக்கம் இருப்பது தாளில் வலப்பக்கம் ஆகும். இதனைத் தோட்டத்து அனுபவம் ஒன்றினால் எளிதில் விளக்கலாம். முன்னாளில் தேயிலை மரப்பெட்டிகளில் அனுப்பப்பட்டபோது, எழுத்து வெட்டிய துளைத்தகட்டைப் பெட்டியின்மேல் வைத்து மை பூசித் தோட்டத்தின் பெயரைப் பதித்தனர். துளையினூடாக மை நேரே செல்வதால், தகட்டில் எழுத்து எவ்வாறு உள்ளதோ அவ்வாறே பெட்டியிலும் விழும். ஆனால் தோட்டக் கந்தோரில் கடிதங்களிற் குத்தும் இறப்பர் முத்திரையை எடுத்து நோக்கினால், அதில் எழுத்துக்கள் இடவலம் மாறியிருப்பதைக் காணலாம். தாளோடு முகம் பொருந்தி அழுத்தும் எதுவும் அவ்வாறே மாறியாகவேண்டும். செப்புத்தகடு முத்திரையின் இனத்தது, துளைத்தகட்டின் இனத்ததன்று.

ஆகவே சிப்பியைக் கண்முன் வைத்து, கண்டவாறே தகட்டில் வரையும் கலைஞரின் அச்சுப்படத்திற் சிப்பி மாறிய புரியோடு தோன்றும். மரமோ, மலையோ, பூவோ இவ்வாறு மாறினால் காண்பவர் அதனை அறியார். ஆலமரத்தின் கிளை இடப்பக்கம் நீண்டாலென்ன, வலப்பக்கம் நீண்டாலென்ன? அது ஆலமரமே. ஆயின் சிப்பி அவ்வாறன்று. அதன் புரி மாறினால், இயற்கையில் மிக அரிதான, சிலவிடத்து இல்லாத ஒரு பொருளாக அது ஆகிவிடுகின்றது. கண்ணாடி கூறும் பொய்யை வெளிப்படையாகக் காட்டிக்கொடுக்கும் சில பொருள்களுட் சிப்பியும் ஒன்று.

றெம்பிராண்டின் சிப்பி

ஒல்லாந்தப் பெருங்கலைஞர் றெம்பிராண்ட் 1650ஆம் ஆண்டில் ஒரு சிப்பியைத் தகட்டில் வரைந்தார். பளிங்குக் கூம்புச்சிப்பி எனத்தகும் அது, கரிய நிலத்தில் வெண்புள்ளிகள் நெருங்கிய அழகுடையது. இந்துசமுத்திரத்தின் கீழ்ப்பகுதியிலும் பசிபிக் சமுத்திரத்தின் மேல்பகுதியிலும் வாழ்வது. ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் உயரமும் 13 சென்ரிமீற்றர் அகலமுமுடைய அச்சிறு படம், நூற்றுக்கணக்கான அவருடைய தகட்டுப்படங்களுள் அசையாப் பொருள் ஒன்றை மட்டும் பொருளாகக் கொண்ட ஒரே படமாகும். முதல் நிலையிற் சிப்பியின் பின்னணி வெறுமையாக விடப்பட்டது. பின்னர் அவர் தகட்டை மீண்டும் எடுத்துப் பின்னணியை இருளாக்கினார். இருளிலிருந்து சிப்பி ஒளியோடு வெளிவருவதுபோன்ற தோற்றம் அதனால் உண்டாயிற்று. அவர் தாமும் சிப்பி சேர்த்தவரே. கடன்சுமை தாங்காது 1656ஆம் ஆண்டில் அவருடைய உடைமைகள் பட்டியலிடப்பட்டபோது அவற்றுட் சிப்பிகளும் இடம்பெற்றன.

இப்படத்திற் சிப்பியின் புரி இயற்கைக்கு மாறானது. ஆயின் அதே படத்தில் றெம்பிராண்டின் கையொப்பமும் ஆண்டும் இடவலம் மாறாது நேராக வாசிக்கத்தக்கனவாக உள்ளன. அதாவது, தாளில் நேராக வரும்பொருட்டு அவர் தம் பெயரைத் தகட்டிற் புரட்டி எழுதினார். சிப்பியைப் புரட்டி வரையவில்லை. அச்சு இடவலம் மாற்றும் என்பதை அவர் அறியாதவரல்லர் என்பதற்கு அக்கையொப்பமே சான்று. பெயர் பிழைபடலாகாது என்று கருதிய கை, பொருளின் புரி பிழைபடுதலைப் பொருட்படுத்தவில்லை.

இதனைக் குறையென்று கூறி அக்கலைஞரின் பெருமையைக் குறைத்தல் பொருந்தாது. ஒளியும் நிழலும் வழவழப்பும் அவர் தேடியவை. அவற்றை அவர் முழுமையாக எய்தினார். புரி அவர் தேடியதன்று. பிறாக் நகரிற் பிறந்து இலண்டனிலும் அந்துவெர்ப்பிலும் தொழில்புரிந்த வென்சலஸ் ஹொல்லர் என்பவர், றெம்பிராண்டுக்குச் சில ஆண்டுகள் முன்னர்ச் சிப்பிகளைத் தனித்தனித் தகடுகளில் வரைந்தார். அவ்வரிசையில் 38 படங்கள் அறியப்பட்டுள்ளன. வெறுந்தாளின் நடுவே, சிறு நிழலோடு சிப்பி மட்டும் கிடக்கும் அப்படங்களின் நுட்பம் வியக்கத்தக்கது. அவ்வரிசையும் புரிமாற்றத்துக்குத் தப்பவில்லை.

நூல்களிற் புகுந்த பிழை

கலைஞரின் தனிப்படத்தில் இப்பிழையாற் பெருந்தீங்கில்லை. அறிவு நூல்களில் அது புகும்போதே சிக்கல் எழுகின்றது. சிப்பிகளை மட்டுமே பொருளாகக் கொண்ட முதற் பெருநூலை உறோமாபுரியில் 1681ஆம் ஆண்டில் வெளியிட்டவர் பிலிப்போ புவொனானி என்னும் யேசுசபைக் குரவர். கண்ணுக்கும் மனத்துக்கும் விருந்தாக அமைக்கப்பட்ட அந்நூலின் படங்களிற் சிப்பிகள் பெரிதும் புரி மாறியே காணப்படுகின்றன. சிப்பியைக் காணாது நூலை மட்டும் கண்டவர், உலகச் சிப்பிகள் யாவும் இடச்சுழியுடையன என்று கருத இடமுண்டு. அமெரிக்க உயிரியல் ஆய்வாளர் ஸ்டீபன் ஜே கூல்ட், பழைய நூல்கள் பலவற்றில் இம்மாற்றம் பரவியிருந்தமையை எடுத்துக்காட்டி 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கட்டுரை வரைந்தார். அறியாமையினாலன்றி, அக்காலத்தவர் அதனைப் பொருட்படுத்தாமையினாலேயே அது நெடுங்காலம் நிலவியது என்பது படங்களைக் காண்போர்க்குப் புலனாகும்.

ஏனெனில், திருத்தும் வழியும் அக்காலத்தில் இருந்தது. முதலில் தாளில் வரைந்து, அத்தாளைக் கவிழ்த்து அதன் கோடுகளைத் தகட்டிற் பதித்துக்கொண்டால் அச்சில் நேராக வரும். கண்ணாடியில் தோன்றும் உருவத்தைப் பார்த்து வரைந்தாலும் அவ்வாறே. ஊர்ப்படங்களையும் நிலப்படங்களையும் எழுத்துக்களையும் அவ்வாறே நேராக்கினர். கிழக்கு மேற்காகிவிடலாகாது என்பது வணிகர்க்கும் மாலுமிகட்கும் உயிர்நிலையானது. சிப்பியின் புரிக்கு மட்டும் அத்தகைய காவலர் இலர்.

அக்காவலருள் ஒருவராக எண்ணத்தக்கவர் ஆங்கில மருத்துவர் மாட்டின் லிஸ்டர். வழக்கத்துக்கு மாறாகச் சுழலும் சில நத்தைகளைக் கண்டு, அதனைப் பற்றி 1669ஆம் ஆண்டிலேயே இலண்டன் அரச கழகத்தின் இதழில் எழுதியவர் அவர். சுழி என்பது கவனிக்கத்தக்க ஓர் இயல்பு என்னும் உணர்வு ஐரோப்பிய அறிவுலகில் இவ்வாறு தலைகாட்டிற்று. பின்னர் 1685ஆம் ஆண்டு முதல் 1692ஆம் ஆண்டு வரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படத்தகடுகளோடு அவர் ஒரு பெருந்தொகுதியை வெளியிட்டார். அதன் படங்களை வரைந்து செதுக்கியவர் அவருடைய இளம் புதல்வியர் சுசன்னா, அன்னா என்னும் இருவர். பெண்கள் அறிவுக்கழகங்களிற் புகவியலாதிருந்த அந்நாளில், பதின்பருவத்துப் பெண்மக்கள் இருவர் இத்துணைப் பெரும்பணியைச் செய்து முடித்தமை என்றும் நினைக்கத்தக்கது.

கீழைக்கடலின் சிப்பிகளை நேரில் ஆராய்ந்தவர் றம்ப்பியஸ். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் ஊழியராக அம்போன் தீவில் வாழ்ந்த அவர் 1670ஆம் ஆண்டிற் கண்பார்வையை இழந்தார். 1674ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் மனைவியையும் மகளையும் இழந்தார். ஆயினும் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. அவருடைய சிப்பிநூல் 60 படத்தகடுகளோடு 1705ஆம் ஆண்டில், அவர் இறந்து மூன்றாண்டுகளின் பின், அம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. சங்கின் புரியைக் கண்ணில்லாதவரும் விரலினால் அறியலாம். விரல் சுருளின் வழியே செல்லும் திசை ஒருபோதும் பொய்யாது. கண்ணுடையோர் செதுக்கிய தகடு பொய்த்தவிடத்து, கண்ணிழந்தோர் விரல் பொய்க்காதென்பது எண்ணி வியக்கத்தக்கது.

18ஆம் நூற்றாண்டில் உயிர்களை இனம் பிரித்துப் பெயரிடும் முறை ஓங்கியது. சுவீடன் நாட்டு லின்னேயஸ், றெம்பிராண்ட் வரைந்த பளிங்குக் கூம்புச்சிப்பிக்கு 1758ஆம் ஆண்டில் அறிவியற் பெயரிட்டார். தமிழர் ஊதும் சங்கும் சில ஆண்டுகளின் பின் அவராற் பெயர் பெற்றது. முன்னோர் நூல்களிலிருந்த படங்களையே அவர் பலவிடத்தும் மேற்கோளாகக் காட்டினார். படம் சான்றாகியபோது, சான்று பொய்க்கலாகாது என்னும் கடப்பாடும் உடன் தோன்றிற்று. சுழியைச் சரியாக வரைதல் பின்னர் அறிவியற் படக்கலையின் விதியாயிற்று.

மன்னாரும் மலைநாடும்

இவ்வரலாறு இலங்கைக்குப் புறம்பானதன்று. 1658ஆம் ஆண்டில் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றினர். அதனோடு மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் அவர்தம் ஆட்சிக்குட்பட்டன. குளித்தெடுத்த சங்குகள் கப்பலேறி வங்காளத்துக்குச் சென்று, டாக்கா முதலிய இடங்களில் வளையல்களாக அறுக்கப்பட்டன. றெம்பிராண்டின் தகடு அச்சாகி எட்டாண்டுகளுள் அவருடைய நாட்டுக் கொம்பனி தமிழ்க்கடலின் சங்குக்கு உரிமை கொண்டாடியது என்பது சிந்திக்கத்தக்கது.

யாழ்ப்பாணத்திற் குருவாகப் பணிபுரிந்த பிலிப்பஸ் பால்தேயஸ், மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றைப் பற்றிய தம் நூலை 1672ஆம் ஆண்டில் அம்ஸ்டர்டாமில் வெளியிடச் செய்தார். அந்நூலில் திருமாலின் பத்து அவதாரங்களும் செப்புத்தகட்டுப் படங்களாக இடம்பெற்றன. இந்திய ஓவியங்களை மூலமாகக் கொண்டு ஐரோப்பியர் செதுக்கும் இத்தகைய படங்களிற் புரிமாற்றத்தோடு வேறோர் இடரும் உண்டு. திருமாலின் வலக்கையிற் சக்கரமும் இடக்கையிற் சங்கும் விளங்குதல் மரபு. மூலத்தைக் கண்டவாறே தகட்டிற் பெயர்த்தால், அச்சில் ஆழி இடக்கைக்கும் சங்கு வலக்கைக்கும் மாறிவிடும். அச்சங்கின் புரியும் உடன் மாறும். அந்நிய நாட்டு வாசகர் ஐயுறார். அடியவரோ முதற் பார்வையிலேயே திடுக்கிடுவர். பிழையைக் காணும் கண் அப்பொருளை நேசிக்கும் கண்ணே என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஊவாத் தோட்டத்து மக்களின் முன்னோர் வந்த வழியும் இச்சங்குக் கடலின் வழியே. 19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப்பட்டபோது, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து புறப்பட்டோர் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் எண்ணற்றோர். பின்னர் 1914ஆம் ஆண்டிலிருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற்சேவை நடைபெற்று, 1964ஆம் ஆண்டுப் புயலோடு முடிவுற்றது. 1924ஆம் ஆண்டில் இருப்புப்பாதை பதுளையை வந்தடைந்தது. சங்கும் அம்மக்களும் ஒரே கடலைக் கடந்து மலையேறினர்.

ஒரு வேறுபாடு இங்குக் குறிக்கத்தக்கது. சிப்பிப் படங்களிற் செதுக்கிய கலைஞரின் பெயர் உண்டு. பேழைக்குரிய செல்வரின் பெயர் நூல்களில் உண்டு. மூச்சடக்கிக் கல்லைக் கட்டிக் கடலடிக்குச் சென்று அச்சிப்பியை எடுத்தவரின் பெயர் எங்கும் இல்லை. கையொப்பம் நேராக வரவேண்டுமென்று பெயரைப் புரட்டி எழுதிய உலகு, பொருளைத் தந்தவரின் பெயரை எழுதவே எண்ணவில்லை. தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயர் விழுந்தது. கொழுந்து பறித்தவரின் பெயர் விழவில்லை.

இன்றைய பயன்

புரியறிவு இன்று பழம்பெருமையாக மட்டும் எஞ்சவில்லை. வலம்புரிச் சங்கு செல்வம் தரும் என்னும் நம்பிக்கையாற் பெருந்தொகை கொடுத்து ஏமாறுவோர் பலர். அமெரிக்கக் கடலோரத்தில் வாழும் ஒருவகைச் சிப்பி இயல்பாகவே இடச்சுழியுடையது. அங்கு அது அரிய பொருளுமன்று. அதனை வெள்ளையாக்கி வலம்புரியென விற்போர் உளர். மெய்யான சங்கின் வாய்க்குள் நடுத்தண்டில் மூன்று அல்லது நான்கு மடிப்புகள் வரம்புபோல் ஓடும். அந்த அமெரிக்கச் சிப்பியில் அம்மடிப்புகள் இரா. இதனை அறிந்தவரை ஏமாற்றல் எளிதன்று. மேலும், இடம்புரியின் ஒளிப்படத்தை இடவலம் புரட்டிவிட்டால் படத்தில் அது வலம்புரியாகும். 17ஆம் நூற்றாண்டுத் தகடு அறியாது செய்ததை இக்காலத்து வஞ்சகர் அறிந்தே செய்யலாம். ஆதலின் படத்தை நம்பிப் பொருள் வாங்குதல் பேதைமையாகும்.

மாணவர் இவ்வுண்மையைத் தாமே சோதித்தறியக் கடற்கரைக்குச் செல்லவேண்டுவதில்லை. மழைக்காலத்தில் ஊவாவின் தோட்டங்களிலும் மரக்கறிப் பாத்திகளிலும் ஆபிரிக்கப் பெருநத்தையின் வெற்றோடுகள் கிடக்கும். ஒன்றை எடுத்து, கூர்முனை மேலாகவும் வாய் தம்மை நோக்கியும் இருக்குமாறு பிடித்தால், வாய் வலப்பக்கத்திற் காணப்படும். அதனைக் கண்டவாறே ஒரு தாளில் மையினால் வரைந்து, மை உலருமுன் வேறொரு தாளை அதன்மேல் வைத்து அழுத்தி எடுத்தால், இரண்டாம் தாளில் வாய் இடப்பக்கம் மாறியிருக்கும். றெம்பிராண்டின் தகட்டில் நிகழ்ந்தது இதுவே. பின்னர்க் கோயிற் சங்கை அர்ச்சகரின் அனுமதியோடு அதேவாறு நோக்கினால், இடம்புரி என்னும் சொல்லின் பொருள் ஏட்டினின்றும் கைக்கு வந்துசேரும்.

படம் அறிவுக்கு வாயிலாகும். ஆயின் அறிவின் முடிவு அதுவன்று. பெருங்கலைஞரின் கையும் தான் மதியாததைப் பிழைபட வரையும். எளிய அடியவரின் கண்ணும் தான் மதிப்பதைப் பிழையறக் காணும். கடலில்லாத மலைநாட்டில், பனிபடர்ந்த விடியற்காலையிற் கோயிலில் எழும் சங்கொலியைக் கேட்போர், அச்சங்கு எக்கடலினின்று வந்தது, எவர் மூழ்கி எடுத்தார், எப்பக்கம் புரிந்தது என்னும் மூன்று வினாக்களையும் உடன் எழுப்புவாராயின், அவர் செவியிற் புகும் ஓசை அறிவாகவும் மலரும்.